சம்மட்டியும் தச்சரும்

ஜனவரி 18

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உன் வயிற்றெரிச்சல் தேவலையா? ஸ்டூடியோவில் காபியாகக் குடித்துத் தொலைக்காமல் வேளைக்குச் சாப்பிடு.

போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அண்ணன் காதில் விழும். கை நடுங்குகிறது, அடுப்பை அணைக்க மறக்கிறான், ஆனால் காது மட்டும் அவ்வளவு கூர்மை. அதோடு, நான் விஷயத்துக்கு வரும்போதெல்லாம் உனக்கு 'கேமரா ரெடி' ஆகிவிடுகிறது. கடிதத்தில் அந்தச் சால்ஜாப்பு செல்லாது.

போன வாரம் உங்கள் சேனலில் 'சம்மட்டி: மாவீரனா, வெறும் பேச்சா?' என்று ஒரு மணி நேரம் நம் அண்ணனைக் கூறு போட்டீர்கள். ஏழு வருடம் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவனை, வாழ்நாளில் கையில் கிளவுஸ் மாட்டியிராத அந்தக் கண்ணாடிக்காரர் மார்க் போடுகிறார். "தச்சரோட ஏன் மோதலை? அந்த ஒருத்தரைத் தொடாம இவரு என்ன சாம்பியன்?" என்று மேஜையைத் தட்டுகிறார். ஒரு காலத்தில் மரவேலை பார்த்துக்கொண்டே குத்துச்சண்டைக்கு வந்த அந்தத் தச்சரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான், அது வேறு. நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாய். பவுடர் பூசிய உன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மறுநாளே ஒரு புரமோட்டர் வந்துவிட்டார். இந்த வெயிலிலும் கோட்டு. சம்மட்டிக்கும் தச்சருக்கும் அன்றைக்கு நடக்காத சண்டையை இப்போது நடத்தப் போகிறாராம், ஆறு ரவுண்டு. ஒருவருக்கு ஐம்பத்தாறு வயது, இன்னொருவருக்கு அதற்கும் மேல். பேசிக்கொண்டே அண்ணனின் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். சந்தையில் மாட்டைப் பார்க்கிறவன்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகத் தொடுவான்.

அண்ணன் சரி என்று சொல்லிவிட்டான். நீ அந்த வட்டாரத்திலேயே பழகுகிறவன். இதை எப்படியாவது நிறுத்து. ரிங்கில் இன்னொரு குத்து தலையில் விழுந்தால் அவனுக்கு நம் பெயர்கூட மிஞ்சாது.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நானும் அவளும் சுகம். வயிறு அதன் போக்கில் எரிகிறது. அத்தானுக்கு இருமல் நின்றதா?

அக்கா, டிவி விவாதத்தை எல்லாம் மனதில் ஏற்றிக்கொள்ளாதே. விளம்பரத்துக்கு நடுவில் பேசுவதற்கு ஏதாவது வேண்டும், பேசுகிறோம். அந்தக் கண்ணாடிக்காரரும் நானும் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே காரில்தான் திரும்புகிறோம். முப்பத்தெட்டு வெற்றி பெற்றவரைப் பற்றி உலகம் பேசாமல் இருக்குமா?

சண்டை விஷயம் என் காதுக்கும் வந்தது. டாக்டர் பரிசோதனை இருக்கிறது, அதில் அண்ணன் தேறமாட்டார், சண்டை தானாகவே படுத்துவிடும். அதற்குள் நீ தலையைப் பிய்த்துக்கொள்ளாதே. அவர் ஒன்றும் கைக்குழந்தை இல்லையே.

இங்கே குளிர் குறைகிறது. முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தடவு.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

நலம். தைலம் நாறுகிறது, வலி போகவில்லை.

'தானாகவே படுத்துவிடும்' என்று எழுதினாயே, கேட்டுக்கொள். நேற்று நான் பல் லேபில் வேலை முடிந்து வந்தபோது அண்ணன் சமையலறையில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். கொக்கு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கு நுனியைத் தொட வேண்டுமாம். தொட்டது கன்னத்தை. திரும்பத் திரும்பச் செய்தான், கடைசியில் தொட்டுவிட்டான். டாக்டர் என்னென்ன கேட்பார் என்று கோட்டுக்காரரே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கேள்வித்தாளை முன்னாலேயே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைக்கிற பள்ளிக்கூடம் இது.

"எதுக்குண்ணே இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"அந்தக் கண்ணாடிக்காரன் கேட்டது நியாயமான கேள்விதானே."

"அந்தக் காலத்துல உன் மேனேஜர்தான் வேண்டாம்னு தடுத்தாரு. அது ஊருக்கே தெரியும்."

"அவரு ஒரு தடவைதான் சொன்னாரு. நான் ரெண்டாவது தடவை கேக்கலை." நாற்காலியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அன்னிக்கி நல்லாத் தூங்கினேன்மா. அதான் இன்னும் உறுத்துது."

முப்பத்தெட்டு பேரை அடித்துச் சாய்த்தவன், அடிக்காத ஒருவனை நினைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் பயந்தான் என்றே வைத்துக்கொள். பயப்பட ஒரு மனுஷனுக்கு உரிமை கிடையாதா? ஆனால் அந்த உறுத்தலைத் தடவிப் பார்த்து டிக்கெட் அடிக்கிறார்களே, அதுதான் எனக்குக் குமட்டுகிறது. நீ வழவழவென்று எழுதாமல் ஏதாவது செய். உன்னால் முடியாவிட்டால் முடியாது என்று சொல், நான் வேறு வழி பார்க்கிறேன்.

அத்தானுக்கு இருமல் நின்றது, குறட்டை கூடியது. உன் நலத்துக்கு எழுது.

அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

நலமே. அங்கும் அப்படியே இருக்கட்டும்.

வரும் வெள்ளிக்கிழமை இரவு நிகழ்ச்சியை அண்ணன் பார்க்காமல் பார்த்துக்கொள். நீயும் பார்க்காதே. இப்போதைக்கு வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

தம்பி


மார்ச் 6

உனக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. இருந்தாலும் நம் அம்மா பழக்கிய பழக்கம், விசாரித்துவிட்டேன்.

நீ சொன்னாய் என்று மெயின் ஃபியூஸையே பிடுங்கி வைத்தேன். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். அந்த வீட்டு சோபாவில், அவர்கள் குடும்பம் சுற்றி உட்கார்ந்திருக்க, என் கூடப்பிறந்த ஒருவன் இன்னொருவனைச் சந்தி சிரிக்க வைப்பதை முழுசாகப் பார்த்தேன்.

"அட்டைச் சாம்பியன்" என்றாய். முப்பத்தெட்டில் பாதிப்பேர் பகலில் லாரி ஓட்டிவிட்டு மாலையில் குத்து வாங்க வந்தவர்கள் என்றாய். பட்டம் ஜெயித்த சண்டையில்கூட எதிராளிக்குக் காய்ச்சல் என்றாய். அண்ணன் என்னிடம் மனம் விட்டுச் சொன்னதை நான் நம்பி உனக்கு எழுதினேன், அதையும் எடுத்து மேஜையில் போட்டாய்: "தச்சரோட சண்டை இல்லைன்னு தெரிஞ்ச அன்னிக்கி எங்க அண்ணன் நிம்மதியாத் தூங்கினாரு, வீட்டுக்காரங்களுக்குத் தெரியும்." கடைசியில், இந்தச் சண்டைக்கு டிக்கெட் வாங்குகிறவன் முட்டாள் என்று விரலை ஆட்டினாய். கண்ணாடிக்காரரே வாயைப் பிளந்துவிட்டார். அந்த ஆள் எவ்வளவோ மேல், அவர் அந்நியர்.

பக்கத்து வீட்டம்மா டிவியை அணைக்கப் போனாள். அண்ணன், "இருக்கட்டும்மா, முடியட்டும்" என்றான். முடிந்ததும் எழுந்து, "நல்லாப் பேசறான். வார்த்தை தடுக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தான். காறித் துப்பலாம் போல் வந்தது. இன்னொருத்தி வீட்டுத் தரை என்று விழுங்கிக்கொண்டேன்.

எனக்கு இனி எதுவும் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 2

உனக்கு,

எழுதாதே என்றால் உடனே எழுதாமலே இருந்துவிட்டாய். சொன்ன பேச்சை நீ கேட்டது இதுதான் முதல் தடவை.

நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. லேபுக்குப் போகிற வழியில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஒரு போஸ்டர். அண்ணன் முகம், தச்சர் முகம், நடுவில் உன் வார்த்தை: 'அட்டைச் சாம்பியனா? நேரில் வந்து தட்டிப் பாருங்கள்!' சண்டையை முதலில் பேசிய அரங்கத்தில் இடம் போதவில்லையாம், ஸ்டேடியத்துக்கே மாற்றிவிட்டார்களாம். எங்கள் லேபில் பற்களுக்குப் பாலிஷ் போடுகிற பெண்ணுக்குக்கூட டிக்கெட் கிடைக்கவில்லை. என்னிடம் வந்து சிபாரிசு கேட்கிறாள்.

டாக்டர் பரிசோதனையில் அண்ணன் தேறிவிட்டான். விடிகாலையில் ஓடுகிறான், ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், மென்று முழுங்காமல் சொல்: உனக்கு இதில் என்ன கிடைத்தது?

உடம்பு எப்படி இருக்கிறது என்றும் எழுது, கோபம் கோபமாகவே இருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் வேண்டுகிறேன். எனக்குச் சுகமில்லை. சாப்பிட்டது தங்குவதில்லை.

என்ன கிடைத்தது என்று கேட்டாய். ஒரு பழக்கூடை கிடைத்தது. கலர் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, கோட்டுக்காரர் அனுப்பியது. 'உங்கள் பேச்சுக்கு மனமார்ந்த நன்றி, டிக்கெட் பறக்கிறது' என்று அட்டையில் எழுதியிருந்தார். அப்படியே மேக்கப் அறைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த அறையே அழுகல் வாடை. தொட்டியைக் காலி செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா, நான் நினைத்தது ஒன்றுதான். அண்ணன் பெயரில் மதிப்பு இருப்பதால்தானே அதை விற்கிறார்கள். அந்தப் பெயரை நானே போட்டு உடைத்துவிட்டால், காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? சண்டை நின்றுவிடும், அண்ணன் தலை தப்பும், என்னை எத்தனை திட்டினாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டேன். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் ஜனங்களை எனக்குத் தெரியவில்லை. மதிக்கிறவனைப் பார்க்க வந்தால் ஒரு அரங்கம்தான் நிறையும். கேவலப்படப் போகிறவனைப் பார்க்க ஸ்டேடியமே நிறைகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சண்டை அன்று வர்ணனை செய்ய என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டேன். ரிங்குக்குப் பக்கத்தில் நம் வீட்டு ஆள் ஒருவன் இருக்க வேண்டும். அண்ணனிடம் இது எதையும் சொல்லாதே. சொன்னால் என்னை மன்னித்துவிடுவார், அதை என்னால் தாங்க முடியாது.

தம்பி


மே 9

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ முதலில் ஒரு நல்ல டாக்டரைப் பார். மோர் குடி, காரத்தை நிறுத்து.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு 'மடையா' என்று சத்தமாகச் சொன்னேன். அத்தான் தன்னைத்தான் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று இன்னும் தெரியவில்லை, விசாரிக்க வேண்டும். அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீ உன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

ரிங்கில் வாய்க்குள் மாட்டிக்கொள்ளும் பல்காப்பை அவனுக்கு நான்தான் செய்தேன். மாட்டேன் என்று ஒரு மாதம் வீம்பு பிடித்தேன். கடைசியில் கடையில் விற்கிற ரப்பர் காப்பு ஒன்றை அவனே வாங்கி வந்து வெந்நீரில் போட்டு மென்று பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் போட்டுக்கொண்டு ஒரு குத்து வாங்கினால் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். தினமும் யார் யாருக்கோ பல் செட் கட்டுகிறவள், இவனை அப்படி அனுப்ப முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறந்து அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன். அச்சுத் தட்டில் மாவைக் குழைத்து மேல்தாடையிலும் பிறகு கீழ்த்தாடையிலும் அமுக்கினேன். அது இறுகும் வரைக்கும் அவனால் பேச முடியாது. அவனைத் திட்டுவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே நேரம் அதுதான், ஆசை தீரத் திட்டினேன். கண்ணாலேயே சிரித்தான். பிளாஸ்டர் ஊற்றி எடுத்துப் பார்த்தேன். தாடை இடப்பக்கமாக ஒதுங்கியிருக்கிறது, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரவில்லை. ஏழு வருடச் சாம்பியன் பட்டம் என்று நீங்கள் டிவியில் சொல்கிறீர்களே, என் கையில் இருந்தது அதுதான்.

நான் சண்டைக்கு வரமாட்டேன். நீ பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

அண்ணன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் முழங்கால்? நான் இருக்கிறேன்.

நீ டிவியிலும் பார்க்கவில்லை என்று அத்தான் சொன்னார். அதனால் எழுதுகிறேன். முதல் ரவுண்டு அண்ணனுடையது. அவருடைய இடது கை ஒவ்வொரு தடவையும் போய்த் தொட்டது, தச்சர் விலகவே இல்லை. பதிலுக்குத் தச்சர் விட்டதெல்லாம் காற்றில் போனது. எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டாவது ரவுண்டில் அண்ணன் அடிப்பதைக் குறைத்துவிட்டார். கட்டிப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசுவது போல் இருந்தது. மணி அடித்ததும் தச்சர் அண்ணனின் மூலைக்கே நடந்து வந்தார். வம்புக்கு இழுக்கிறார் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அண்ணன் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்.

மூன்றாவது மணி அடித்தது. அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. பயிற்சியாளர் உலுக்கினார், நடுவர் குனிந்து கேட்டார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டுக் கிளவுஸை நீட்டினார், கழற்றச் சொல்லி. காயமில்லை, மூச்சு வாங்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்த மனிதர் அக்கா, சும்மா உட்கார்ந்துவிட்டார்! குத்துச்சண்டையில் இதைவிடக் கேவலம் கிடையாது. விழுந்தவனைக்கூட மதிப்பார்கள், உட்கார்ந்தவனை மதிக்கமாட்டார்கள்.

காகிதக் கப்பும் பாட்டிலும் பறந்தன. அவர் நடந்து போகும்போது ஒருவன் எட்டித் துப்பினான். அது அவர் கன்னத்தில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. நான் மைக்கில் "இது அவமானம்" என்றேன். மார்ச்சில் பொய்யாகச் சொன்னதை எல்லாம் அவரே உண்மையாக்கிவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் இத்தனை சேற்றை அள்ளி என் தலையில் கொட்டிக்கொண்டது இந்த மனிதருக்காகத்தானா? உன்னிடம் அவர் ஏதாவது சொன்னாரா?

தம்பி


ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், அதுதான் எனக்கு ஆச்சரியம். நான்தான் இரண்டு வாரமாகக் கொதித்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் யாரோ ஒரு பழைய ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். அதை உடைத்து அடுப்பில் வைக்கலாம் என்று எடுத்தேன், அண்ணன் வாங்கிக் குளியலறையில் போட்டுக்கொண்டான். உட்கார்ந்து குளிக்க வசதியாம்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "உனக்கு சூடு சொரணையே கிடையாதாண்ணே? ஊரே காறித் துப்புது" என்று கத்தினேன். அப்போதுதான் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"தச்சனுக்கு வலது கண்ணு தெரியலைம்மா. என் இடது கை வர்றதே அவனுக்குத் தெரியலை. மொத ரவுண்டுல அது தெரியாம நாலஞ்சு போட்டுட்டேன். ரெண்டாவதுல கட்டிப் பிடிச்சப்ப என் காதுல கேக்கறான், 'நான் எந்தப் பக்கம் போகணும்?'னு. மணி அடிச்சா என் மூலைக்கு வந்து நிக்கறான். ஜனங்க சிரிக்கறாங்க."

"நடுவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா சண்டையை நிறுத்துவாங்க. தோத்தான்னு எழுதுவாங்க. டாக்டரை ஏமாத்தினான்னு சொல்லி, பேசின பணத்தையும் கொடுக்கமாட்டாங்க. நான் ஏமாத்தாததா? நான் உக்காந்துட்டா அவன் ஜெயிச்சவன், ஒரு கேள்வி கிடையாது."

"உன் பேரு?"

"அதான் மார்ச்லயே போச்சே" என்றான். குத்திக்காட்டவில்லை, விலைவாசி சொல்கிற மாதிரி சொன்னான். "பயந்தாங்கொள்ளின்னு ஏற்கெனவே எல்லாரும் நம்பறாங்க. உக்காந்தப்ப ஒருத்தனாவது ஏன்னு கேட்டானா? கேக்காததும் நல்லதாப் போச்சு."

எனக்கு அவன் மேல் இருந்த கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அது போன இடத்தில் அந்த ஸ்டேடியம் முழுவதன் மேலும் அருவருப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. கண் தெரியாதவரை இழுத்து வந்து அடிக்கச் சொல்லிவிட்டு, அடிக்காதவன் மேல் துப்பியிருக்கிறார்கள். நீ டிவியில் இருக்கிறாய். எல்லாவற்றையும் சொல்லு. ஒவ்வொரு பெயராகச் சொல்லு. அண்ணனை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

வயிறு எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேக்கப் அறையில் வைத்துப் படித்தேன். பவுடர் போடுகிற பெண் என் கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டாவது தடவை போட வேண்டியதாயிற்று.

அன்றைக்கே 'சம்மட்டி: இறுதித் தீர்ப்பு' நிகழ்ச்சி. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். விளக்குப் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அடித்தது. அண்ணன். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் என்னிடம் பேசுகிறார். நலமா என்று கேட்டார், நலம் என்றேன். "அவ உனக்கு எழுதியிருப்பா, எனக்குத் தெரியும். வேண்டாம்டா. நீ மார்ச்ல சொன்னதையே சொல்லு. அப்ப நல்லாச் சொன்னே." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் ஒரு மணி நேரம் முழங்கினார். கடைசியில் என்னிடம் திரும்பி, "தம்பியா இல்லாம, ஒரு விமர்சகரா ஒரே வார்த்தையில சொல்லுங்க. ஏன் எழுந்திருக்கலை?" என்றார்.

"பயம்" என்றேன்.

கைதட்டினார்கள், அக்கா. நேர்மையாகப் பேசினேன் என்று கண்ணாடிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கை ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து குழாயடியில் நின்று வாயைக் கொப்புளித்தேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று என் மனைவி கேட்டாள்.

அடுத்த மாதத்திலிருந்து அந்த நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது ஒன்றுக்கும் ஆகாது என்று எனக்கே தெரிகிறது.

தம்பி


ஆகஸ்ட் 24

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் வயிறு தேறி வருகிறது என்று உன் மனைவி சொன்னாள், சந்தோஷம். உன் கடிதம் வந்த அன்று உன்னை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, உனக்கு ஒரு வாய் சோறு ஊட்ட வேண்டும் போலவும் இருந்தது.

முந்தாநாள் தச்சரின் மனைவி வீட்டுக்கே வந்தாள். கையில் கெட்டி அட்டைக்கு நடுவே ஒரு பெரிய புகைப்படம், பேப்பரில் எல்லாம் வந்ததுதான். நடுவர் தச்சரின் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், பின்னால் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இவரு ஜெயிச்சாருன்னா வர்றவங்க யாரும் நம்பமாட்டேங்கறாங்க. இவருக்கே காலையில எழுந்தா மறந்துபோகுது, தினமும் நான் சொன்னாத்தான் சிரிக்கறாரு. உங்க அண்ணன் இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா காட்டிக்கலாம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கையைத் தட்டிக் கொடுத்து, "உங்க அண்ணனையும் குத்தம் சொல்ல முடியாது. எங்க வீட்டுக்காரரு எதிர்ல நின்னா அந்தக் காலத்துலயே எல்லாருக்கும் கால் நடுங்கும்" என்றாள்.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று மனசு சொல்கிறது, கை அவளைப் பிடித்து உலுக்கத் துடிக்கிறது. அதற்குள் அண்ணன் படியிறங்கி வந்து பேனா கேட்டான்.

நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு எழுதினான்: 'என்னை வென்றவருக்கு, சம்மட்டி.' அவள் படித்துப் பார்த்துவிட்டு அவன் காலைத் தொடப் போனாள். அவன் பதறி நகர்ந்துகொண்டான்.

மை காயட்டும் என்று படத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தோம். அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். "இதைத் தொட உனக்கு அருவருப்பா இல்லையா?"

"தச்சன் முகத்தைப் பாரு" என்றான். "எவ்ளோ சந்தோஷம்."

பார்த்தேன். படத்தில் நடுவர், பயிற்சியாளர்கள், கோட்டுக்காரர், எல்லோரும் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். தச்சர் மட்டும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வேறொரு பக்கம் பார்க்கிறார். அந்தப் பக்கம் கூட்டம் இல்லை, யாரும் இல்லை, ஒரு சுவர்தான் இருக்கிறது. இத்தனை நாள் இந்தப் படத்தை எத்தனை ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள் தம்பி, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

நேரம் கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. அண்ணன் உன்னைக் கேட்டான்.

அக்கா